கவனம் என்னும் அரிய பண்டம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என்னிடம் முன்பு பயின்ற மாணவர் ஒருவர் தம் தாயாருடன் வீட்டுக்கு வந்திருந்தார். வயது முப்பதை நெருங்குகிறது. தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் நிலையான வேலை. தந்தை காலமாகிவிட்டார், வீட்டுக் கடன் தவணை இன்னும் முடியவில்லை. மூன்று ஆண்டுகளாகப் பழைய இருசக்கர வாகனங்களைப் பழுது பார்ப்பது குறித்து யூடியூபில் ஓர் அலைவரிசை நடத்துகிறார். வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் அதிலேயே இறங்கிவிட வேண்டும் என்பது அவரது விருப்பம்.

"சார், நீங்களாவது இவனுக்குப் புத்தி சொல்லுங்க" என்றார் தாயார். "நீங்களே சேனல் நடத்துறீங்க சார், உங்களுக்குத்தான் இது புரியும்" என்றார் மகன்.

இருவருமே என்னைத் தம் தரப்புச் சாட்சியாகவே அழைத்தனர். நான் உடனே பதில் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். வரும்போது கடந்த பன்னிரண்டு மாத வருமானக் கணக்கையும் எழுதி எடுத்து வரச் சொன்னேன். இந்தக் கேள்வி இன்று பல வீடுகளில் எழுகிறது என்பதால், அந்த ஒரு வாரத்தில் நான் யோசித்தவற்றை இங்கே பகிர்ந்து கொள்கிறேன்.

முதலில் என் அனுபவம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு, தமிழ் வழியில் பயிலும் மாணவர்களுக்காக ஓர் அலைவரிசை தொடங்கினேன். வகுப்பறையில் நடத்தியதைப் போலவே 45 நிமிடப் பாடங்களாகப் பதிவு செய்து வெளியிட்டேன். விலை உயர்ந்த கேமரா ஒன்றையும் வாங்கினேன். ஓராண்டு முடிந்தபோது, என் காணொலிகளைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் என் உறவினர்களும் பழைய மாணவர்களுமே என்பது தெரிந்தது.

காணொலியில் பார்வையாளர் எந்த இடத்தில் விலகினார் என்பதை யூடியூப் ஒரு வரைபடமாகக் காட்டும். என் காணொலிகளில் பாதிப் பேர் முதல் நிமிடத்திலேயே விலகியிருந்தனர். அந்த நிமிடத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று பார்த்தேன். வணக்கம் சொல்லி, என்னை அறிமுகம் செய்துகொண்டு, பாடத்திட்டத்தின் எத்தனையாவது அலகு இது என்று விளக்கிக் கொண்டிருந்தேன். இத்தனை காலமும் வகுப்பறையை நிரப்பியது என் பேச்சு என்று நினைத்திருந்தேன். வருகைப் பதிவேட்டுக்கும் அதில் கணிசமான பங்கு இருந்திருக்கிறது.

அதே அலைவரிசையில் எதிர்பாராமல் பலரைச் சென்றடைந்த முதல் காணொலி ஒன்பது நிமிடமே நீளம் கொண்டது. ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தால் உண்மையில் எவ்வளவு வட்டி கட்டுகிறோம் என்று கணக்கிட்டுக் காட்டுவது. பக்கத்து வீட்டு அம்மையார் கேட்ட கேள்விக்கான பதிலாகவே அதைப் பதிவு செய்தேன். முதல் வரியே அவரது கேள்விதான். முந்தைய பாடங்களில் நான் சொல்ல விரும்பியதைச் சொன்னேன். இதில் ஒருவர் அறிய விரும்பியதைச் சொன்னேன்.

இதன் பின்னால் உள்ள பொருளியலை 1971இலேயே ஹெர்பர்ட் சைமன் எடுத்துரைத்துவிட்டார். பின்னாளில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற அறிஞர் அவர். தகவல், அதைப் பெறுபவரின் கவனத்தை உண்டு வாழ்கிறது. ஆகவே தகவல் பெருகப் பெருக, கவனம் பற்றாக்குறையாகிறது என்பது அவரது கருத்து. ஒருவருக்கு ஒரு நாளில் இருப்பது 24 மணி நேரம்தான். இணையத்தில் எழுதுபவரும் பேசுபவரும் நடிப்பவரும் போட்டியிடுவது அதில் மிஞ்சும் சில நிமிடங்களுக்காகவே. என் பொருளியல் பாடத்துக்குப் போட்டி இன்னொரு பொருளியல் பாடம் அன்று. கிரிக்கெட்டும் திரைப்படப் பாடலும் சமையலும் குடும்பத்தினரின் வாட்ஸ்ஆப் செய்தியும்தான்.

சந்தையின் இன்னோர் இயல்பை 1981இல் ஷெர்வின் ரோசன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் விளக்கினார். நல்ல முடி திருத்துநர் ஒருவர் ஒரு நாளில் சிலருக்கு மட்டுமே முடி திருத்த முடியும். எனவே அவ்வூரில் மற்ற முடி திருத்துநர்களுக்கும் இடம் உண்டு. ஆனால் ஒரு பாடகரின் இசைத்தட்டை எத்தனை பேர் கேட்டாலும் அவரது உழைப்பு கூடுவதில்லை. படியெடுக்கும் செலவு ஏறத்தாழ இல்லை என்றாகும்போது, திறமையில் சிறிதளவே மேம்பட்டவர்கூடச் சந்தையின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறார். இணையத்தில் இந்த விதி முழு வீச்சில் இயங்குகிறது. இங்கே சராசரி வருமானம் என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை. கோடிகளில் ஈட்டும் ஒருவரையும் ஒன்றுமே ஈட்டாத பலரையும் கூட்டி வகுத்தால் வரும் எண், அவர்களில் எவரது நிலையையும் காட்டாது.

ஆகவேதான் வெற்றிக் கதைகளைப் படிக்கும்போது எச்சரிக்கை தேவைப்படுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது, போர்க்களத்திலிருந்து திரும்பிய விமானங்களில் குண்டுத் துளைகள் மிகுந்த இடங்களுக்குக் கவசம் இடலாம் என்ற எண்ணம் எழுந்தது. துளை இல்லாத இடங்களைப் பாருங்கள் என்றார் புள்ளியியலாளர் ஆபிரகாம் வால்ட். அங்கே அடிபட்ட விமானங்கள் திரும்பவே இல்லை. நம் கண்ணில் படும் இணையப் பிரபலங்கள் எல்லாரும் திரும்பி வந்த விமானங்கள். விடாமுயற்சியுடன் உழைத்தும் அறியப்படாமல் போனவர்கள் பேட்டி கொடுப்பதில்லை.

அப்படியென்றால் கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லையா? உண்டு. வெற்றியின் அளவைப் படியெடுக்க முடியாது, செயல்முறையைப் படியெடுக்கலாம்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் சின்ன வீரமங்கலம் என்ற சிற்றூரிலிருந்து 2018இல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021 ஜூலையில் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ் அலைவரிசையானது. நகரத்து ஒளிப்பதிவுக் கூடம் அவர்களிடம் இல்லை. வயல்வெளி, விறகடுப்பு, பெரிய பாத்திரங்கள், சமையல் அறிந்த பெரியதம்பி என்ற தாத்தா, உடன் உழைக்கப் பேரன்மார் ஆகியவை இருந்தன. தம்மிடம் எளிதாகக் கிடைப்பதும் பிறருக்கு அரிதாயிருப்பதும் எதுவோ, அதையே முதலாக வைத்தனர். 1817இல் டேவிட் ரிக்கார்டோ நாடுகளின் வணிகத்துக்குச் சொன்ன ஒப்பீட்டுச் சாதகக் கோட்பாட்டை இதற்கும் பொருத்திப் பார்க்கலாம். பிறரிடம் இருப்பதைப் பார்த்து ஏங்குவதைவிட, நம்மிடம் குறைந்த செலவில் விளைவது எது என்று கண்டறிவதே முதற்பாடம்.

இரண்டாம் பாடம் சல்மான் கானுடையது. நடிகர் அல்லர், 'கான் அகாதெமி' நிறுவனர். 2004இல் அவர் தொலைவில் இருந்த தம் உறவுக்காரப் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். மற்ற உறவினர்களும் கேட்கவே, 2006இல் யூடியூபில் பதிவேற்றினார். 2008இல் அது நிறுவனமானது. பல கோடிப் பேரைச் சென்றடைந்த பாடங்கள் ஒரு சிறுமிக்காகத் தொடங்கியவை. 'அனைவருக்கும்' என்று எண்ணிப் பேசும்போது பேச்சு பொதுவாகிவிடுகிறது. ஒருவரை மனத்தில் இருத்திப் பேசும்போது அவரைப் போன்ற ஆயிரம் பேருக்கு அது பொருந்துகிறது.

மூன்றாவது, காலம். 'மிஸ்டர் பீஸ்ட்' என்று உலகம் அறிந்த ஜிம்மி டொனால்ட்சன் 2012இல் பதின்மூன்று வயதில் தொடங்கினார். ஒன்றிலிருந்து ஒரு லட்சம் வரை கேமராவின் முன் எண்ணிய அவரது காணொலி 2017இல்தான் பரவியது. இடையில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் அவருக்கு வீட்டுக் கடன் தவணை இல்லை என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

இனி உற்பத்தித்திறன். ஆடம் ஸ்மித் 1776இல் வெளியான தம் நூலில் குண்டூசித் தொழிற்கூடத்தைக் குறிப்பிடுகிறார். தனி ஒருவர் முழு ஊசியையும் செய்தால் நாளொன்றுக்கு இருபதுகூடத் தேறாது. வேலையைக் கூறுகளாகப் பிரித்துக்கொண்ட பத்துப் பேர் 48,000 ஊசிகள் செய்தனர். காணொலி வேலையும் அவ்வாறே. தலைப்பைத் தேர்தல், எழுதுதல், பதிவு செய்தல், தொகுத்தல், முகப்புப் படம் செய்தல் ஆகியவை வெவ்வேறு மனநிலைகளைக் கோருபவை. ஒரே நாளில் அனைத்தையும் செய்ய முயன்றபோது ஒவ்வொரு காணொலிக்கும் எனக்கு மூன்று நாள்கள் பிடித்தன. இப்போது மாதத்தில் இரு சனிக்கிழமைகளில் மட்டுமே பதிவு. விளக்கையும் ஒலிவாங்கியையும் சரிசெய்ய ஆகும் முக்கால் மணி நேரம், ஒரு காணொலிக்கும் அதே அளவுதான்; நான்குக்கும் அதே அளவுதான். நிலைச் செலவைப் பல அலகுகளின் மேல் பரப்புவது என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! என் சொந்த வேலையில் அதைக் கடைப்பிடிக்க இரண்டாண்டுகள் ஆயின.

ஸ்மித் மற்றொன்றையும் சொன்னார்: வேலைப் பிரிவினையின் அளவைச் சந்தையின் அளவே தீர்மானிக்கிறது. பார்வையாளர் சேரும் முன்பே தொகுப்பாளருக்குச் சம்பளம் கொடுப்பவரும், விலை உயர்ந்த கேமரா வாங்குபவரும் இந்த வரிசையைத் தலைகீழாக்குகின்றனர். நானும் அதைத்தான் செய்தேன். படம் சற்று மங்கலாக இருந்தாலும் பொறுத்துக்கொண்ட பார்வையாளர்கள், ஒலி தெளிவின்றி இருந்தால் பொறுக்கவில்லை. எனக்குத் தேவைப்பட்டது சட்டையில் மாட்டும் ஒரு சிறிய ஒலிவாங்கி.

எல்லா வேலையையும் விரைவாக்கிவிட முடியாது என்பதும் உண்மை. 1966இல் வில்லியம் பாமோலும் வில்லியம் போவனும் நிகழ்த்து கலைகளின் பொருளாதாரம் குறித்து எழுதிய நூல் இதை விளக்குகிறது. நால்வர் சேர்ந்து வாசிக்கும் ஓர் இசைக்கோவையை இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாசிக்க எத்தனை பேரும் எவ்வளவு நேரமும் தேவைப்பட்டனவோ, அதே அளவு இன்றும் தேவைப்படும். எழுத்தும் சிந்தனையும் அத்தகையவை. எழுத்துருவில் வசனம் சேர்ப்பதையும் வெட்டி ஒட்டுவதையும் கருவிகள் விரைவாக்கிவிட்டன. எதைச் சொல்வது, எதை விடுவது என்ற முடிவை விரைவாக்க வழியில்லை. சுருக்க முடிந்ததைச் சுருக்கி, சுருக்க முடியாததற்கு அந்த நேரத்தைக் கொடுப்பதே உற்பத்தித்திறன். காலை ஐந்து முதல் ஏழு வரை கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு எழுதுகிறேன். பிறரது கவனத்தைக் கேட்கப் போகிறவர் முதலில் தம் கவனத்தைக் காத்துக்கொள்ள வேண்டும்.

எண்ணிக்கைகளைத் துரத்துவதில் உள்ள ஆபத்தையும் சொல்ல வேண்டும். ஓர் அளவீடு இலக்காக்கப்பட்டுவிட்டால் அது நல்ல அளவீடாக இருப்பதில்லை என்ற கருத்து, 1975இல் இதை ஒட்டி எழுதிய பிரிட்டன் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயரால் வழங்குகிறது. ஒருமுறை, வைப்புநிதி வட்டி குறித்த சாதாரணப் பாடத்துக்கு 'உங்கள் பணம் பறிபோகிறது' என்று தலைப்பிட்டேன். பார்வைகள் மும்மடங்காயின. ஆனால் வந்தவர்கள் சில நொடிகளில் வெளியேறினர். "நீங்களுமா சார்?" என்று பழைய மாணவி ஒருவர் எழுதியிருந்தார். அன்றே தலைப்பை மாற்றினேன். பார்வை எண்ணிக்கையை விட்டு, பார்க்கும் நேரத்துக்கு முதன்மை கொடுக்கும் வகையில் யூடியூப் தன் பரிந்துரை முறையை 2012இல் மாற்றியதும் இத்தகைய தலைப்புகளின் தொல்லையால்தான்.

வருமானத்துக்கு வருவோம். யூடியூபின் விளம்பர வருவாயில் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஷார்ட்ஸ் எனப்படும் குறுங்காணொலிகள் வழியாக என்றால் 90 நாள்களில் 1 கோடி பார்வைகள். நாலாயிரம் மணி என்பது 2,40,000 நிமிடங்கள். ஒருவர் சராசரியாக நான்கு நிமிடம் பார்த்தால் 60,000 பார்வைகள் தேவை. வாரம் ஒன்றாக ஆண்டுக்கு 50 காணொலிகள் என்றால், ஒவ்வொன்றுக்கும் 1,200 பார்வைகள். எட்ட முடியாத எண் இல்லை. ஆனால் இது நுழைவாயில் மட்டுமே. நுழைந்த பிறகு நீண்ட காணொலிகளில் வரும் விளம்பர வருவாயில் 55 விழுக்காடும், ஷார்ட்ஸில் ஒதுக்கப்படும் தொகையில் 45 விழுக்காடும் படைப்பாளிக்கு வரும். விளம்பரதாரர் கொடுக்கும் விலை பொருளுக்குப் பொருள், பருவத்துக்குப் பருவம் மாறும். சந்தையையும் விலையையும் பிறர் கையில் வைத்துப் பயிர் செய்யும் உழவரின் நிலைதான் இதுவும்.

நிலமும் சொந்தமில்லை. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பார்வையாளர்களைப் பலர் ஒரே இரவில் இழந்தனர். தடையின் நியாயம் வேறு விவாதம். ஒரே தளத்தை நம்பியிருந்தவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது என்பதே இங்கு நாம் கொள்ள வேண்டிய பாடம். எந்தத் தளத்தில் வளர்ந்தாலும், தம்மை விரும்பிப் பின்தொடர்பவர்களை மின்னஞ்சல் வழியாகவோ சொந்த இணையதளம் வழியாகவோ நேரடியாகத் தொடர்பு கொள்ளும் ஏற்பாடு ஒன்று இருக்க வேண்டும்.

உண்மையான ஆயிரம் ரசிகர்கள் இருந்தால் ஒரு படைப்பாளி வாழ்ந்துவிடலாம் என்று கெவின் கெல்லி 2008இல் எழுதினார். நமக்கு இது புதிய செய்தி அன்று. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், அச்சுச் செலவுக்காக முன்கூட்டியே பலரிடம் கையொப்பம் பெற்றார். நூல் வரும் முன்பே அதற்குப் பொறுப்பேற்ற அந்தக் கையொப்பக்காரர்கள் எண்ணிக்கையில் சிலரே. அவர்களின் துணையோடுதான் அந்தக் காப்பியம் அச்சேறியது. பொத்தானை அழுத்தும் லட்சம் பேரையும், பொறுப்பேற்கும் நூறு பேரையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாயும் மகனும் வந்தனர். முதல் நாள் அவர் என்னிடம் சொல்லியிருந்தது, சம்பளத்தைவிட அதிகமாக ஈட்டிய ஒரு மாதத்தின் தொகையை. இப்போது பன்னிரண்டு மாதங்களையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தச் சொன்னேன். நடுவில் வந்த ஆறாவது, ஏழாவது மாதத் தொகைகளைக் கூட்டி இரண்டால் வகுத்தார். அது வீட்டுக் கடன் தவணையில் பாதியைக்கூடத் தொடவில்லை. அந்த உயர்ந்த மாதமோ ஒரே ஒரு காணொலியின் விளைவு. அவர் சிறிது நேரம் பேசவில்லை.

மூன்று நிபந்தனைகளைச் சொன்னேன். நடு மாத வருமானம், அதாவது இடைநிலை அளவு, தவணையையும் வீட்டுச் செலவையும் தொடர்ந்து ஓராண்டுக்கு ஈடுகட்ட வேண்டும். அந்த வருமானம் விளம்பரம் ஒன்றிலிருந்தே வராமல், இரண்டு மூன்று வழிகளில் வர வேண்டும். பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் பயிற்சி வகுப்பு அவருக்குப் பொருத்தமான வழி. ஓராண்டுச் செலவுக்கான தொகை தாயார் பெயரில் வங்கியில் இருக்க வேண்டும். இவை நிறைவேறும் நாளில் வேலையை விடலாம். அதுவரை வாரத்துக்கு ஒரு காணொலி. விளம்பரதாரர் பணம் கொடுத்தால் அதைப் பார்வையாளரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், வருமான வரிக் கணக்கையும் ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"அப்போ இவன் செய்யறது வேலைதானா சார்?" என்று கேட்டார் தாயார்.

"வேலைதான் அம்மா. சம்பள நாள் மட்டும் தெரியாத வேலை" என்றேன்.

மகன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். விடைபெறும்போது, ஏலச்சீட்டுக் கணக்கு போட்ட காணொலியைத் தன் அம்மா இரண்டு முறை பார்த்ததாகச் சொன்னார். அந்த அம்மையார் இப்போது சீட்டைத் தள்ளி எடுப்பதில்லையாம். சந்தாதாரர் எண்ணிக்கையில் அது ஒன்றைக்கூடக் கூட்டவில்லை. ஆனாலும் அடுத்த சனிக்கிழமை நான் ஒலிவாங்கியை மாட்டிக்கொள்வதற்கு அது போதும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு)